‘கதவு பூட்டியிருந்தது’ என்று திரும்பி வந்த வாடகை நோட்டீஸ் செல்லுமா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் இருக்கும் உங்கள் மாடி வீட்டில் குடியிருப்பவர் நான்கு மாதமாக வாடகை தரவில்லை. மாத வாடகை 14,000 ரூபாய். அட்வான்ஸ் ஒரு லட்சம் உங்களிடம் இருக்கிறது. 11 மாத அக்ரிமென்ட் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. புதுப்பிக்கவில்லை, எங்கும் பதிவு செய்யவும் இல்லை. வாட்ஸ்அப்பில் பல முறை கேட்டீர்கள், படித்த அடையாளம் விழுந்ததே தவிர பதில் இல்லை. பிறகு நீங்களே ஒரு நோட்டீஸ் எழுதித் தபாலில் அனுப்பினீர்கள். ‘கதவு பூட்டியிருந்தது’ என்ற குறிப்போடு உறை திரும்பி வந்துவிட்டது. இனி வீட்டுக்குப் பூட்டுப் போடலாமா, நேராகக் கேஸ் போடலாமா என்று கேட்கிறீர்கள். ஆனால் இதற்கெல்லாம் முன்னால் தெரிய வேண்டியது வேறொன்று: நீங்கள் நோட்டீஸ் கொடுத்துவிட்டதாக நீதிமன்றம் ஏற்குமா? அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதில். இருபது வருடத்துக்கு மேலாக வாடகை வழக்குகளில் வீட்டுக்காரர்களுக்கும் குடியிருப்பவர்களுக்கும் ஆஜராகி வருகிறேன். நல்ல வழக்கு தோற்றதை நான் அதிகம் பார்த்தது இந்த ஒரு படியில்தான்.

முதலில் பூட்டு. போடாதீர்கள். மின்சாரத்தை நிறுத்துவது, தண்ணீர் மோட்டாரை அணைத்து வைப்பது, அவர் ஊருக்குப் போன நேரத்தில் சாமான்களை வெளியே எடுத்து வைப்பது, எதுவும் வேண்டாம். அக்ரிமென்ட் காலம் முடிந்திருந்தாலும், வாடகை பாக்கி இருந்தாலும், குடியிருப்பவரைச் சட்டத்தின் வழியாக மட்டுமே வெளியேற்ற முடியும். மாறாகச் செய்தால், 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 6-வது பிரிவில் அவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பக் கேட்கலாம். அந்த வழக்கில் வீடு யாருக்குச் சொந்தம் என்ற பேச்சே எழாது; சட்டப்படி இல்லாமல் வெளியேற்றப்பட்டாரா என்பதை மட்டும் பார்ப்பார்கள். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தினால் வாடகைச் சட்டத்தின்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் புகார் கொடுத்து உடனே திரும்பப் பெறுவதற்கும் வழி இருக்கிறது. நான்கு மாதம் வாடகை தராத ஆள், ஒரே நாளில் பாதிக்கப்பட்டவராக மாறிவிடுவார். ஒரு வீட்டுக்காரர் பூட்டுப் போட்டுவிட்டு மறுநாள் காலையில் என்னிடம் வந்தார். அந்த வழக்கில் முதல் எட்டு மாதம் நாங்கள் வாடகை பாக்கியைப் பற்றிப் பேசவே முடியவில்லை. பூட்டைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

சரி, எந்தச் சட்டம்? தமிழ்நாட்டில் 22.02.2019 முதல் நடைமுறையில் இருப்பது 2017-ஆம் ஆண்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம். அதற்கு முன் இருந்த 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டுவிட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்களுக்கு அக்கம்பக்கத்தில் கிடைக்கும் ஆலோசனையில் பாதி அந்தப் பழைய சட்டத்தின் நினைவில் சொல்லப்படுவது. ‘வேண்டுமென்றே பாக்கி வைத்தார் என்று நிரூபிக்க வேண்டும்’, ‘இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும்’ என்பதெல்லாம் அங்கிருந்து வந்தவை. பழைய சட்டத்தில், வாடகை கேட்டு நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் கழித்தும் தராவிட்டால் அது வேண்டுமென்றே செய்த தவறாகக் கருதப்பட்டது. அந்த ஒரு சொல்லை வைத்தே வருடக்கணக்கில் வாதாடியிருக்கிறோம். இப்போதைய சட்டத்தில் அந்தச் சொல்லே இல்லை.

இப்போது இருப்பது 21-வது பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் வரும் ஆ-கூறு. அதன் சாரம் இவ்வளவுதான்: இரண்டு மாத வாடகையும் சேர வேண்டிய மற்றக் கட்டணங்களும் பாக்கி இருக்க வேண்டும், அந்தப் பாக்கியைக் கேட்டு நீங்கள் நோட்டீஸ் சார்வு செய்ய, அதாவது முறைப்படி அவரிடம் சேர்ப்பிக்க, வேண்டும், அது சார்வான ஒரு மாதத்துக்குள் பாக்கி முழுவதையும், வட்டி உண்டென்றால் வட்டியோடு, அவர் கொடுக்காமல் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் வாடகை நீதிமன்றத்தின் கதவு திறக்கும். உங்களுக்கு முதலாவது இருக்கிறது. இரண்டாவதில் சிக்கல். அது தீராமல் மூன்றாவது தொடங்கவே தொடங்காது. அந்த ஒரு மாதத்தைச் சட்டம் அவருக்குக் கொடுக்கும் நியாயமான வாய்ப்பாகப் பாருங்கள். அதற்குள் உங்களிடமோ வாடகை நீதிமன்றத்திலோ முழுப் பணத்தையும் கட்டிவிட்டால், பாக்கியைக் காரணம் காட்டி அவரை வெளியேற்ற முடியாது. ஆனால் ஒரு முறை இப்படித் தப்பியவர், பிறகு ஒரு வருடத்தில் தொடர்ந்து இரண்டு மாதம் தவறினால் அதே சலுகை மறுபடி கிடைக்காது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ‘வக்கீல் நோட்டீஸ்’ என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, ‘இவ்வளவு பாக்கி, கட்டுங்கள்’ என்று கேட்பது. இன்னொன்று, ‘உங்கள் வாடகை உரிமையை முடித்துக்கொள்கிறேன், காலி செய்யுங்கள்’ என்பது. இரண்டாவதுதான் 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-வது பிரிவில் வரும் 15 நாள் நோட்டீஸ். மாத வாடகைக்கு 15 நாள் போதும் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருந்தால், அவர் சொன்னது அந்த நோட்டீஸை. நீங்கள் கொடுக்க வேண்டியது முதல் வகை. மாநில வாடகைச் சட்டத்தின் கீழ் வெளியேற்றக் கேட்கும்போது 106-ன் கீழ் தனியாக முடிவு நோட்டீஸ் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் 1979-ல் தனபால் செட்டியார் வழக்கில் சொன்னார்கள். அது நம் மாநிலத்தின் பழைய சட்டத்தை வைத்து எழுந்த வழக்கு. பிறகு 106 எதற்கு வருகிறது என்றால், பாக்கி நோட்டீஸை எப்படிச் சார்வு செய்வது என்பதற்குப் புதிய சட்டம் அந்தப் பிரிவின் நான்காம் உட்பிரிவைக் கைகாட்டுகிறது. கொடுக்கும் முறைக்கு மட்டும் அங்கே போகிறோம், 15 நாள் கணக்குக்கு இல்லை. உங்கள் நோட்டீஸில் ‘15 நாளுக்குள் கட்டாவிட்டால்’ என்று எழுதியிருந்தால் அதைத் திருத்தி ‘ஒரு மாதத்துக்குள்’ என்று மறுபடி அனுப்புங்கள்.

நோட்டீஸை எழுதுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வக்கீல்தான் எழுத வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. எழுத்தில் இருக்க வேண்டும், நீங்களோ உங்கள் சார்பில் ஒருவரோ கையெழுத்திட்டிருக்க வேண்டும், அவ்வளவே. தமிழில் தாராளமாக எழுதலாம். குடியிருப்பவர் படித்துப் புரிந்துகொள்ளும் மொழியில் இருப்பதுதான் நல்லதும்கூட. என் அனுபவத்தில் நோட்டீஸின் உயிர் கணக்கில் இருக்கிறது. ‘பல மாத வாடகை பாக்கி, உடனே கட்டவும்’ என்று எழுதினால் அது வெறும் கோபம். எவ்வளவு கட்டினால் தப்பிக்கலாம் என்று அவருக்கே தெரியாது. மாதவாரியாக எழுத வேண்டும். ஜனவரி 14,000, பிப்ரவரி 14,000, மார்ச் 14,000, ஏப்ரல் 14,000, ஆக 56,000 என்று வரிசையாக. நடுவில் ஐயாயிரம், மூவாயிரம் என்று ஏதாவது கொடுத்திருந்தால் தேதியோடு கழித்துக் காட்டுங்கள். பராமரிப்புக் கட்டணம், தண்ணீர், மின்சாரம் ஆகியவை அவர் கட்ட வேண்டியவை என்று பேசியிருந்தால் தனி வரியில் எழுதுங்கள், வாடகையோடு கலக்காதீர்கள். அக்ரிமென்ட்டில் தாமதத்துக்கு வட்டி என்று எதுவும் இல்லாதபோது, நீங்களாக ஒரு சதவீதத்தைப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஒரு வயதான அம்மாவின் வழக்கு நினைவுக்கு வருகிறது. வாடகைக் கணக்கை ஒரு கோடு போட்ட நோட்டில் பதினோரு வருடமாக எழுதி வந்தவர். ஒவ்வொரு மாதமும் ஒரு வரி, பணம் வந்த தேதி, வலது ஓரத்தில் குடியிருப்பவரின் சிறு கையெழுத்து. அவ்வளவு சுத்தமான சாட்சியம் இருந்தும், முன்பு வேறொருவர் எழுதிக் கொடுத்த நோட்டீஸில் பராமரிப்புக் கட்டணம் இரண்டு முறை கூட்டப்பட்டிருந்தது. நோட்டில் 38,500, நோட்டீஸில் 42,000. எதிர்த்தரப்பு அந்த 3,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டது. கேட்ட தொகையே தவறு, நான் எதைக் கட்டுவது என்று ஒரே வாதம். சிறு பிழைக்காக மட்டும் வழக்கு விழுந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாங்கள் புது நோட்டீஸ் கொடுத்து முதலிலிருந்து தொடங்கினோம், அந்த அம்மாவுக்கு அரை வருடம் போயிற்று. அன்றிலிருந்து நோட்டீஸில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், கட்சிக்காரரையே உட்கார வைத்து ஒரு முறை கூட்டிப் பார்க்கச் சொல்வேன்.

கணக்குக்கு அப்புறம், பணத்தை எங்கே கட்டுவது என்று எழுதுங்கள். வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி குறியீடு, யுபிஐ முகவரி எல்லாம் நோட்டீஸிலேயே இருக்கட்டும். ‘கொடுக்க வந்தேன், வாங்க மறுத்தார்’ என்பது குடியிருப்பவர் தரப்பில் அடிக்கடி வரும் பதில். வீட்டுக்காரர் வாங்க மறுத்தால் மணியார்டரிலும் பிறகு வாடகை அதிகாரியிடமும் கட்டும் வழியைச் சட்டம் குடியிருப்பவருக்குக் கொடுத்திருக்கிறது. உங்கள் கணக்கு எண் நோட்டீஸில் இருந்தால் அந்தப் பதிலுக்கு இடமே இல்லை. அக்ரிமென்ட்டில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருந்தால் இருவருக்கும் அனுப்புங்கள். அக்ரிமென்ட்டில் கையெழுத்திட்டவர் இறந்து குடும்பம் மட்டும் இருக்கிறது என்றால் வாரிசுகள் எல்லார் பெயரிலும் போக வேண்டும்.

இனி, திரும்பி வந்த உறை. 106-வது பிரிவின் நான்காம் உட்பிரிவு சொல்லும் வழிகள் இவை: தபாலில் அனுப்பலாம், அவர் கையில் நேரில் கொடுக்கலாம், அவர் வசிக்கும் இடத்தில் குடும்பத்தாரில் ஒருவரிடமோ வேலையாளிடமோ கொடுக்கலாம், இப்படிக் கொடுக்க முடியாமல் போனால் மட்டும், சொத்தில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டலாம். தபாலில் அனுப்பியதற்குத் துணை நிற்பது 1897-ஆம் ஆண்டு பொது வாசகங்கள் சட்டத்தின் 27-வது பிரிவு. சரியான முகவரி எழுதி, கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டால், வேறு விதமாக நிரூபிக்கப்படாத வரை அது போய்ச் சேர்ந்ததாகவே கொள்ளலாம். ‘வாங்க மறுத்தார்’, ‘வீடு பூட்டியிருந்தது’ போன்ற குறிப்புகளோடு திரும்பியவற்றையும் சார்வானதாகக் கருதலாம் என்பதை 2007-ல் அலவி ஹாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துச் சொன்னது. அது காசோலை வழக்கு. ஆனால் தபால் பற்றிய அந்த அனுமானம் இங்கேயும் பயன்படும்.

ஆகவே உங்கள் உறை வீண் இல்லை. இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, அதைப் பதிவோடு அனுப்பினீர்களா, சாதாரணத் தபாலிலா? சாதாரணத் தபால் என்றால் அந்த அனுமானத்தின் பலம் கிடைக்காது. இரண்டாவது, உறையின் மேல் தபால்காரர் என்ன எழுதியிருக்கிறார்? என் முன்னால் எத்தனையோ உறைகள் வந்திருக்கின்றன. முன்பக்கத்தில் முகவரியின் மேலேயே சாய்வாக, நீல மையில், நாலைந்து தேதிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக: முதல் நாள் ‘கதவு பூட்டு’, இரண்டாம் நாள் ‘கதவு பூட்டு’, மூன்றாம் நாள் ‘தகவல் சொல்லப்பட்டது’, ஏழாம் நாள் ‘பெற்றுக்கொள்ளவில்லை, அனுப்பியவருக்கே’, அதன் கீழ் ஒரு சுருக்கொப்பம். அந்த நாலு வரி ஒரு சாட்சி கூண்டில் ஏறி நின்று சொல்வதற்குச் சமம். வெறுமனே ஒரே நாள் போய் ‘கதவு பூட்டு’ என்று எழுதி உடனே திருப்பியிருந்தால், எதிர்த்தரப்பு ‘அன்று வேலைக்குப் போயிருந்தேன், எனக்கு யாரும் சொல்லவில்லை’ என்று சொல்ல இடம் கிடைக்கும். ‘இந்த முகவரியில் இல்லை’ என்று வந்திருந்தால் இன்னும் பலவீனம். கதவு எண் புதியது, பழையது என்று இரண்டு இருக்கும் தெருவில் இது சகஜம், இரண்டையும் எழுதுங்கள்.

திரும்பி வந்த உறையை இன்னும் நீங்கள் பிரிக்கவில்லை என்றால், தயவுசெய்து பிரிக்காதீர்கள். ஒட்டியபடியே நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். உள்ளே என்ன இருந்தது என்ற கேள்வி வந்தால் அங்கே பிரித்துக்கொள்வார்கள். பிரித்துவிட்டீர்கள் என்றால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை, நகல் இருந்தால் சமாளிக்கலாம். ஆனால் இனி அனுப்பும் ஒவ்வொரு உறைக்கும் நோட்டீஸின் நகலில் கையெழுத்திட்டு உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். தபால் ரசீதை அன்றே ஜெராக்ஸ் எடுங்கள். அந்தத் தாள் ஆறு மாதத்தில் வெளுத்து எழுத்தே தெரியாமல் போய்விடும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த உறையை மட்டும் நம்பி வழக்குப் போட மாட்டேன். கணக்கைச் சரிபார்த்துப் புதிதாக ஒரு நோட்டீஸ் எழுதி, அதை மூன்று வழியில் கொடுப்பேன். முதலில் தபால். பதிவுத் தபால் சேவையை அஞ்சல் துறை 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைத்துவிட்டது. அதனால் கவுண்டரில் ஸ்பீட் போஸ்ட் போடும்போதே பதிவும் ஒப்புகையும் வேண்டும் என்று சேர்த்துக் கேளுங்கள், 27-வது பிரிவு பதிவுத் தபாலைத்தான் பேசுகிறது. அடுத்து, நேரில். மாலை ஏழு, எட்டு மணிக்கு, வீட்டில் ஆள் இருக்கும் நேரத்தில், தெரிந்த இரண்டு பேரோடு போங்கள். அவரோ மனைவியோ வளர்ந்த பிள்ளையோ வாங்கிக்கொண்டால் நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட மறுத்தாலும் பரவாயில்லை. உடன் வந்தவர்கள் பார்த்ததை அன்றே நகலின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்திடட்டும். சின்னக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு வராதீர்கள், எதிர்வீட்டில் கொடுத்துவிட்டும் வராதீர்கள். அவை கணக்கில் வராது.

ஒட்டுவது கடைசி. நேரில் கொடுக்க முயன்று முடியாமல் போன பிறகுதான் அதற்கு மதிப்பு. எடுத்தவுடனே ஒட்டிவிட்டு வந்தவர்களின் வழக்கில் ‘ஏன் நேரில் கொடுக்கப் பார்க்கவில்லை’ என்ற கேள்வி கட்டாயம் வரும். ஆகவே இரண்டு முறையாவது போன தேதி, நேரம் குறித்து வையுங்கள். பிறகு முன்கதவில் ஒட்டி, கதவு எண் தெரியும்படி சற்றுத் தள்ளி ஒரு படம், எழுத்து படிக்கும்படி கிட்டத்தில் ஒரு படம் எடுங்கள். ஒட்டும்போது அவமானப்படுத்தும் வேலை வேண்டாம். தெருவாசலில், கடைச் சுவரில், குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் எல்லாம் போடாதீர்கள். அவர் வீட்டுக் கதவு போதும். அந்த வீட்டிலும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கலாம்.

வாட்ஸ்அப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 106-வது பிரிவின் அந்த நான்காம் உட்பிரிவில் வாட்ஸ்அப்போ மின்னஞ்சலோ இல்லை. எனவே அதை மட்டும் நம்ப வேண்டாம். ஆனால் நோட்டீஸின் படத்தை அதிலும் அனுப்பி வைப்பது நல்லது, தெரியவே தெரியாது என்ற பேச்சுக்கு அது பதிலாகும். அந்தச் செய்திகளைச் சான்றாகக் காட்ட 2023-ஆம் ஆண்டு பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி ஒரு சான்றிதழும் வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அச்சிட்டுக் கொண்டுபோனால் மட்டும் போதாது. போனை மாற்றும்போது பழைய உரையாடலை அழித்துவிடாதீர்கள். அவர் எப்போதாவது ‘அடுத்த மாசம் சேத்து தந்துடறேன் சார்’ என்று எழுதியிருந்தால், பாக்கியை அவரே ஒப்புக்கொண்டதற்கு அது பெரிய துணை.

ஒரு மாதத்தை அனுப்பிய நாளிலிருந்து எண்ணாதீர்கள், சார்வான நாளிலிருந்து எண்ணுங்கள். மூன்று வழியில் கொடுத்திருந்தால் கடைசியாகச் சார்வான தேதியை எடுத்துக்கொண்டு, அதற்கு மேலும் ஒரு வாரம் விட்டுத்தான் நான் மனு போடுவேன். ஒரு நாள் முந்தினாலும் ‘காலம் முடியும் முன்பே வந்துவிட்டார்’ என்று ஆகிவிடும். இந்த இடைவெளியில் அவர் 20,000 கொண்டுவந்தால் என்ன செய்வது என்று பலர் பயப்படுகிறார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். ரசீதில் ‘இன்ன தேதி நோட்டீஸில் கேட்ட 56,000-ல் ஒரு பகுதியாக, மீதி 36,000 நிலுவையில், என் உரிமைகளுக்குப் பாதகம் இல்லாமல்’ என்று எழுதிக் கொடுங்கள். ரொக்கமாக 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். முழுப் பாக்கி வராதவரை வழக்குக்கான காரணம் அப்படியே இருக்கும். முழுதும் வந்துவிட்டால், சட்டம் நினைத்தது நடந்துவிட்டது. நான் எழுதிக் கொடுத்த நோட்டீஸ்களில் நிறைய அங்கேயே முடிந்திருக்கின்றன. ஒன்றில், இருபத்தேழாம் நாள் மாலை ஒருவர் மனைவியின் வளையலை அடகு வைத்துப் பணத்தோடு வந்து நின்றார். வேலை போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. அதை வீட்டுக்காரரிடம் சொல்லக் கூச்சம். அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு மூன்று வருடம் அதே வீட்டில் ஒழுங்காக வாடகை கொடுத்து இருந்தது.

இதுவரை சொன்னவற்றில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனிச் சொல்லும் இரண்டில், உங்கள் காகிதங்களைப் பார்க்காமல் முடிவாகச் சொல்ல மாட்டேன். முதலாவது, உங்கள் பதிவு செய்யாத அக்ரிமென்ட். புதிய சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகி எண் வாங்க வேண்டும். 11 மாதம் என்று போட்டால் பதிவு வேண்டாம் என்பது பத்திரப்பதிவுச் சட்டத்தை வைத்து வந்த பழக்கம், இந்தச் சட்டத்துக்கு அது பொருந்தாது. பதிவாகாத ஒப்பந்தத்தைச் சான்றாக எடுத்துக்கொள்வதற்குச் சட்டத்தில் தடை இருக்கிறது. அப்படியானால் பாக்கியைக் காரணம் காட்டி நீங்கள் போக முடியுமா, அல்லது ‘இரு தரப்பும் சட்டப்படி ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறிவிட்டார்கள்’ என்று அதே 21-வது பிரிவில் வரும் அ-கூறின் கீழ்தான் போக வேண்டுமா என்பதில் வாதங்கள் நடக்கின்றன. நடைமுறையில் நான் செய்வது, ஒரே நோட்டீஸில் இரண்டையும் வைப்பது: பாக்கியைக் கட்டுங்கள், கூடவே, இந்தத் தேதியில் வந்து புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் பதிவுக்கு ஒத்துழையுங்கள். அவர் வந்தால் உங்கள் குறை தீர்ந்தது. வராவிட்டால் உங்களுக்கு இரண்டு காரணங்கள் கிடைக்கும். எதை முன்னால் வைப்பது என்பதை அக்ரிமென்ட்டைப் படித்துப் பார்க்கும் வக்கீல் முடிவு செய்யட்டும். இந்த ஒரு இடத்தில் செலவைப் பார்க்காதீர்கள்.

இரண்டாவது, அந்த ஒரு லட்சம். ‘பாக்கியே 56,000-தான், என் பணம் ஒரு லட்சம் அவரிடம் இருக்கிறது, நான் எப்படி பாக்கிக்காரன்?’ என்று அவர் கேட்பார். பழைய சட்டத்தில் ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கவே கூடாது என்றிருந்ததால், அதிகப்படியான தொகையைப் பாக்கியில் கழிக்க வேண்டும் என்ற வாதம் வென்ற வழக்குகள் உண்டு. புதிய சட்டம் வேறு. மூன்று மாத வாடகையை வரம்பாகச் சொல்லிவிட்டு, வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் அதற்கும் இடம் விடுகிறது. அட்வான்ஸ் என்பது காலி செய்யும்போது திருப்பித் தரும் பிணைத்தொகை, மாத வாடகைக்குப் பதில் இல்லை என்பது என் கருத்து. எல்லா நீதிபதியும் அப்படியே பார்ப்பார்கள் என்று உறுதி சொல்ல மாட்டேன். அதனால் அந்தத் தொகையை மறைக்காதீர்கள். ‘ஒரு லட்சம் பிணைத்தொகை என்னிடம் இருக்கிறது, காலி செய்யும் நாளில் கணக்குப் பார்த்துத் திருப்பித் தருவேன், அதை மாத வாடகையில் கழிக்க நான் சம்மதிக்கவில்லை’ என்று நோட்டீஸிலேயே எழுதிவிடுங்கள். அக்ரிமென்ட்டில் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருந்துவிட்டால் கதை மாறும், அதைத் தேடிப் பாருங்கள்.

மாதம் முடிந்தும் பணம் வராவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் மனு. வழக்கு நடக்கும் காலத்து வாடகையைக் கட்டச் சொல்லி உத்தரவு கேட்கவும் அங்கே வழி உண்டு, மனு போடும்போதே அதையும் கேளுங்கள். சீக்கிரம் முடிக்க வேண்டும் என்றுதான் சட்டத்தின் நோக்கம். ஆனால் இத்தனை மாதத்தில் வீடு கைக்கு வரும் என்று யாராவது நாள் குறித்துச் சொன்னால் நம்பாதீர்கள். வாடகை பாக்கியைப் பணமாகக் கேட்பதற்குக் காலவரம்பு மூன்று வருடம், அந்தக் கவலை இப்போது உங்களுக்கு இல்லை. நான் சொன்னது தமிழ்நாட்டு நகரங்களில் உள்ள தனியார் வீட்டுக்கு. கோயில், வக்ஃபு, அரசு இடங்களில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு விதிகள் வேறு. புதுச்சேரிக்கும் இது பொருந்தாது.

இந்த வாரம் செய்ய வேண்டியது: வங்கிக் கணக்கின் விவரப் பட்டியலை எடுத்து, கடைசியாக வாடகை வந்த தேதியிலிருந்து மாதவாரியாக எழுதுங்கள். திரும்பி வந்த உறையை ஒட்டியபடியே ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வையுங்கள். புதிய நோட்டீஸைக் கொடுக்க மாடிக்குப் போகும் அன்று, தாளை நீட்டுவதற்கு முன்னால் ஒரு முறை என்ன ஆயிற்று என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில் எதுவாக இருந்தாலும், தாளைக் கொடுத்துவிட்டே இறங்குங்கள்.